விரல் இறங்கும்வரை பேசக்கூடாது

குழாய்க்காதரின் வலது காதுக்கு நகரக் குடிநீர் அலுவலகம் ஒரு சிலை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. ஓய்வு பெற்ற நாளன்று ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதுவும் ஓசைப்படாமல் ஓடுகிற கடிகாரம். காதை நம்பிப் பிழைத்த மனுஷனுக்கு டிக் டிக் என்றுகூடச் சொல்லாத கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யார் என்று அவர் இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் வேலை இதுதான். ஆளுயர இரும்புக் கம்பி ஒன்று. அதன் மேல்நுனியில் சின்னக் கிண்ணம் போல ஒரு மரத்துண்டு. கம்பியைத் தெருவில் ஊன்றி மரத்துண்டில் காதை வைத்தால், நாலடி ஆழத்தில் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிற 'உஸ்' கேட்கும். கேட்கத் தெரிந்தவர்களுக்குக் கேட்கும். மற்றவர்களுக்குக் காது அழுக்காகும், அவ்வளவுதான். குழாய்க்காதருக்கோ அந்த உஸ்ஸின் பூர்வீகமே கேட்கும். இது இணைப்பு தளர்ந்த உஸ், இது துரு தின்ற உஸ், இது எவனோ திருட்டுத்தனமாகக் குழாயைத் துளைத்த உஸ் என்று பிரித்துச் சொல்வார். ஒருமுறை முடிவெட்டிக்கொண்டிருந்தவர், பாதித் தலையோடு நாற்காலியிலிருந்து எழுந்துபோய் எதிர்த்தெருவில் ஓர் ஒழுக்கைக் கண்டுபிடித்தார் என்பார்கள். என்பார்கள் என்ன, அவரே சொல்வார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்தத் தெரு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும்.

இப்படிப்பட்ட காது சாக்ஸபோனில் போய் விழுந்ததில் ஆச்சரியமில்லை. அதுவும் குழாய்தானே. வளைந்த பித்தளைக் குழாய், உடம்பெல்லாம் ஓட்டை, ஒழுகுவதற்கென்றே செய்த குழாய். மற்ற குழாய்கள் ஒழுகினால் அவருக்கு வேலை. இந்தக் குழாய் ஒழுகினால் அவருக்கு ஓய்வு. மூன்றாம் மாடியிலிருந்த இரண்டு அறை வீட்டில் மனிதர்கள் இரண்டு பேர், நாற்காலிகள் நாலு, ஜாஸ் இசைத்தட்டுகள் இருநூற்றுப் பன்னிரண்டு.

வீட்டில் இன்னொருவர் அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷம் எக்ஸ்ரே எடுத்தவர். நகரத்தில் பாதிப் பேரின் நெஞ்சுக்கூட்டை அவர் பார்த்திருக்கிறார். முகத்தைப் பார்த்தால் யாரென்று தெரியாது. "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... அசையாதீங்க... ம், விடுங்க." இதுதான் அவர் வேலையின் மொத்த வசனம். வேலைக்குச் சேரும்முன் நெஞ்சைப் படமெடுக்கப் போன குழாய்க்காதரிடமும் அதையே சொன்னார். அன்றைக்கு ஏதோ அவசரம். "பிடிங்க" என்றவர் "விடுங்க" சொல்ல மறந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார். நாற்பத்தொரு வருஷமாகத் தான் இன்னும் முழுசாக விடவில்லை என்பது குழாய்க்காதரின் கட்சி.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு அந்த வீட்டில் ஒரு பந்தயம் நடக்கும். ஆடுகிறவர்கள் இருவர். ஒருவர் குழாய்க்காதர். மற்றவர் அவருடைய மச்சான், எக்ஸ்ரே அம்மாவின் அண்ணன். நகரப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவனின் வியர்வையை அடுத்த நிறுத்தத்திலிருந்தே மோப்பம் பிடிப்பார் என்று பெயர். ஓய்வு பெற்றும் பழக்கம் போகவில்லை. யாராவது சிரித்தால்கூட, "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் தானும் சிரிப்பார்.

ஆண்கள் இருவரும் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். எக்ஸ்ரே அம்மா ஓர் இசைத்தட்டை எடுத்து, அதன் உறை தெரியாதபடி தலையணை உறைக்குள் போட்டுக் கொண்டுவந்து, சாக்ஸபோன் தனியாகப் பேசுகிற இடமாகப் பார்த்து ஊசியை இறக்குவார். வாசிப்பது யார் என்று முதலில் சொல்கிறவர் ஜெயித்தார். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு. பாட்டு முடிந்து, வாசித்தவரின் கடைசி மூச்சும் அடங்கும்வரை குழாய்க்காதரின் ஆள்காட்டி விரல் மேலே நிற்கும். அது இறங்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. பதில் தெரிந்தாலும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தும்மல் வந்தால் விழுங்க வேண்டும். ஒருமுறை அப்படி விழுங்கிய தும்மல் மச்சானுக்கு மறுநாள் பேருந்தில் வந்தது என்றும், ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார் என்றும் ஒரு வரலாறு இருக்கிறது.

வாசிப்பவர்களுக்கு அந்த வீட்டில் வேறு பெயர்கள். கோல்மன் ஹாக்கின்ஸ் 'பெரியப்பா'. அறைக்குள் வந்தாலே நாற்காலிகள் ஒதுங்கி வழிவிடுவது போலக் கனத்த, அகலமான நாதம். லெஸ்டர் யங் 'சாஞ்சவர்'. சாக்ஸபோனைச் சாய்த்துப் பிடிப்பார், தாளத்துக்குப் பின்னால் சாய்ந்து வருவார், அவசரமே கிடையாது, எல்லோரும் போய்ச் சேர்ந்தபிறகு வந்து நல்ல இடத்தில் உட்கார்ந்துகொள்வார். ஜான் கோல்ட்ரேன் 'அடைமழை'. சன்னி ராலின்ஸ் 'பாலத்துக்காரர்'. புகழின் உச்சியில் மேடையை விட்டுவிட்டு, ஒரு பெரிய பாலத்தின் மேல் நின்று வருஷக்கணக்கில் சாதகம் செய்தவர். ஒரு சின்ன நகைச்சுவையை எடுத்து, அதைத் திருப்பி, கவிழ்த்து, உள்ளே கையை விட்டு வெளியே இழுத்து, கடைசியில் அதே நகைச்சுவைக்குப் புதிதாகச் சிரிக்க வைப்பவர்.

எக்ஸ்ரே அம்மாவின் ஆள் ஒருவர்தான். பென் வெப்ஸ்டர். வீட்டுப் பெயர் 'மூச்சுக்காரர்'. வேகமான பாட்டில் உறுமுவார், முரட்டு ஆசாமி. மெதுவான பாட்டுக்கு வந்துவிட்டாலோ பூனைக்குட்டியைத் தூக்குகிறவர் போல ஆகிவிடுவார். சுரம் தேய்ந்து தேய்ந்து முடிந்துவிடும். அதற்கப்புறமும் வெறும் காற்று மட்டும் வந்துகொண்டிருக்கும். விருந்தாளி சொல்லிக்கொண்டாயிற்று, ஆனால் இன்னும் வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பது போல. அந்தக் காற்றுக்காகத்தான் விரல் சட்டமே வந்தது. முப்பத்தைந்து வருஷம் ஊராரின் மூச்சைப் பிடிக்கச் சொன்னவருக்கு, ஒரு மனிதர் இவ்வளவு அழகாக மூச்சை விடுவது தாங்கமுடியாத சந்தோஷமாக இருந்தது.

இந்தப் பந்தயத்தில் பத்தொன்பது வருஷத்தில் குழாய்க்காதர் தோற்றது மூன்றே முறை. அதில் ஒன்று பல் பிடுங்கிய அன்று. கணக்கில் சேராது என்பார்.

இப்போதும் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

ஏனென்றால் காது போய்க்கொண்டிருந்தது. முதலில் ஜன்னலோரக் குருவிகள் காணாமல் போயின. வீடு மாற்றிவிட்டன போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பிறகு பார்த்தால் குருவி ஜன்னல் கம்பியிலேயே உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அப்புறம் அடுப்பில் கெட்டில் விசிலடிப்பதை நிறுத்தியது. கடைக்காரர் பேசினால் வார்த்தைகளெல்லாம் ஓரம் மழுங்கி, சோப்புக் கட்டி போல வந்தன.

சாக்ஸபோனும் அப்படித்தான். ஆழமான நாதம் கேட்டது. அதன் மேலிருக்கிற சொரசொரப்பு, நாக்குப் படும் சத்தம், உதட்டோரக் காற்று எதுவும் கேட்கவில்லை. அவர் ஆட்களை நடையை வைத்துக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். தாமதமாக வந்தால் சாஞ்சவர். கொட்டித் தீர்த்தால் அடைமழை. சொன்னதையே திருப்பிச் சொல்லிக் குறும்பு பண்ணினால் பாலத்துக்காரர். முகம் தெரியாமல், தெருமுனையில் நடந்து போகிற விதத்தை வைத்தே சொந்தக்காரரை அடையாளம் காண்பது போல.

ஒரு நாள் பழைய கம்பியைப் பரணிலிருந்து இறக்கி, ஒரு நுனியை ஸ்பீக்கர் பெட்டியில் வைத்து, மறுநுனியில் காதை ஒட்டிப் பார்த்தார். சாஞ்சவரின் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. தட்டைச் சுழற்றும் மோட்டார் கேட்டது. கீழ்வீட்டுக் குளிர்ப்பெட்டி உறுமுவது கேட்டது. காற்று மட்டும் கேட்கவில்லை.

"என்னங்க, ஸ்பீக்கர்ல தண்ணி ஒழுகுதா?"

கதவருகே எக்ஸ்ரே அம்மா பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"சும்மா... கம்பி துருப்பிடிச்சிருக்கான்னு பாத்தேன்."

"அதுக்குக் கண்ணு போதுமே."

சிரித்துவிட்டுத்தான் உள்ளே போனார். ஆனால் அந்தக் கிண்டலுக்குத் தேவையானதைவிட இரண்டு வினாடி கூடுதலாகப் பார்த்துவிட்டுப் போனார்.

சொல்லிவிடலாம். ஆனால் எப்படிச் சொல்வது? காது போன குழாய்க்காதர் என்றால் பாக்கி வெறும் குழாய்தானே. மச்சான் ஊரெல்லாம் தமுக்கடிப்பார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இவள் பரிதாபப்பட்டு, "எதுக்குங்க பந்தயமெல்லாம், சும்மா கேப்போம்" என்று சொல்லிவிட்டால்? ஞாயிறு நாலு மணி என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும்.

அந்த வார ஞாயிறும் ஜெயித்தார். மச்சான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன். மூச்சுக்காரர் எங்க? ஆளையே காணோமே. லீவுல போயிட்டாரா?"

"ஊசிக்கு வயசாயிடுச்சு அண்ணே. மெதுவான தட்டு போட்டா கரகரன்னு தேய்க்குது. புது ஊசி வாங்கணும்."

"எத்தனை மாசமா வாங்கணும்?"

"வாங்குவோம். நீங்க போய்ப் பாத்திரத்தைப் பாருங்க."

"இல்ல, வண்டில தினம் வர்ற ஆளு ஒருத்தன் திடீர்னு வரலைன்னா, அவன் வேற வண்டில டிக்கெட் எடுக்காம போறான்னு அர்த்தம். என் அனுபவம்."

"மச்சான்," என்றார் குழாய்க்காதர், "தோத்தவங்க பேச்சுல சோப்பு நுரை வருது. போய்க் கழுவுங்க."

"கழுவறேன், கழுவறேன். ஆனா மாப்ளே, இதுல என்னமோ இருக்கு. கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

மச்சான் மோப்பம் பிடித்துவிடப் போகிறார் என்று பயந்து, குழாய்க்காதர் மறுநாளே யாருக்கும் தெரியாமல் காது சோதிக்கும் இடத்துக்குப் போனார்.

சின்னக் கண்ணாடி அறை. காதில் ஹெட்போன். வெளியே ஒரு பெண் உட்கார்ந்து, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க ஐயா" என்றாள். நாலு சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நாலு சத்தமும் என்ன தாளத்தில் வந்தன என்று கவனித்து வைத்திருந்தார். அதே தாளத்தில், சாஞ்சவர் பாணியில் துளி பின்தங்கி, அமுக்கிக்கொண்டே போனார். நன்றாகத்தான் வந்தது என்று அவருக்கே ஒரு திருப்தி.

கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் வந்தாள். "ஐயா, கடைசியா ஒம்பது தடவை அமுக்கினீங்க."

"ஆமா. ஒண்ணையும் விடலையே?"

"அப்ப நான் மெஷினை நிறுத்திட்டு டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன்."

மறுபடியும் முதலிலிருந்து ஒழுங்காக உட்கார்ந்தார். கடைசியில் அவள் ஒரு தாளைக் கொடுத்தாள். அதில் ஒரு கோடு கொஞ்ச தூரம் நேராக நடந்து, பிறகு மாடிப்படியில் தடுக்கி விழுந்தவன் போலக் கீழே போயிற்று.

"ஆழமான சத்தமெல்லாம் நல்லாக் கேக்குது உங்களுக்கு. மேல இருக்கறதுதான் போயிடுச்சு. குருவி, விசில், 'ஸ்'ங்கற சத்தம், காத்து..."

"காத்தா?"

"காத்துதான் ஐயா. காதுல மெஷின் வெச்சா நிறைய திரும்பி வரும். முழுசா வரும்னு சொல்லமாட்டேன். எப்ப வர்றீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்று தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி இல்லை, தையல்காரரிடம் போயிருந்தார். தாளை எங்கே ஒளிப்பது? முப்பத்தைந்து வருஷம் படம் பார்த்துப் படித்த கண். துணி அடுக்கு, அரிசி டப்பா, புத்தக நடு எதுவும் அதற்குத் தப்பாது. சட்டென்று யோசனை வந்தது. மூச்சுக்காரரின் தட்டு! ஊசி வாங்கும்வரை அதை யாரும் தொடப்போவதில்லை. அந்த உறைக்குள் செருகிவிட்டால் ஜென்மத்துக்கும் வெளியே வராது.

தட்டுகளை அடுக்குவது எக்ஸ்ரே அம்மாவின் பொறுப்பு. அவர் அடுக்கும் முறையே தனி, பாட்டின் வேகப்படி. மேல் வரிசையில் ஓடுகிறவர்கள், நடுவில் நடக்கிறவர்கள், கீழே நிற்கிறவர்கள். முழங்கால் வலியால் குழாய்க்காதர் கீழ் வரிசைப் பக்கம் குனிந்து மாதக்கணக்காகிவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு, அப்பா அம்மாவையெல்லாம் துணைக்குக் கூப்பிட்டபடி குனிந்தார்.

கீழ் வரிசையில் நிற்கிறவர்கள் ஒருவரும் இல்லை. இடம் காலியாகத் தெரியாமலிருக்கப் பழைய வாரப் பத்திரிகைகளைக் கச்சிதமாக நிறுத்தி வைத்திருந்தது.

குழாய்க்காதர் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்தபடி இருந்தார். நிமிர முடியாததும் ஒரு காரணம். பிறகு தேட ஆரம்பித்தார். ஒழுக்குத் தேடுகிற மாதிரி, பதறாமல், ஓர் ஓரத்திலிருந்து. கட்டிலடியில் இல்லை. பரணில் இல்லை. கடைசியில் படுக்கைத் துணி அலமாரியில், கம்பளிப் போர்வைகளுக்குப் பின்னால் கை பட்டது. பதினோரு தட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு தலையணை உறைக்குள். குழந்தைகளைப் போர்த்திப் படுக்க வைத்தது போல வரிசையாக இருந்தன. எல்லாம் மெதுவானவை. எல்லாம் கடைசியில் காற்றாகிப் போகிறவை. முதலில் இருந்தது மஞ்சளில் சின்னச் சின்னப் பூப்போட்ட உறை. அதற்குள் மூச்சுக்காரர்.

ஊசிக்கு வயசாகவில்லை.

அப்போதுதான் அவருக்கு அந்த ஞாயிறு ஞாபகம் வந்தது. எட்டு மாசம் இருக்கும். மச்சான் தோற்றுப்போய்ப் பாத்திரங்களோடு அடுப்படியில் இருந்தார். பந்தயம் முடிந்தபின் சும்மா கேட்கலாம் என்று இவள் மூச்சுக்காரரைப் போட்டாள். பாட்டு முடிந்தது. இவர் விரலை இறக்கி, "சரி, விளக்கைப் போடு" என்றார். அவள் சட்டென்று திரும்பி இவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் போல இருந்தது. ஆனால் எழுந்துபோய் விளக்கைப் போட்டாள்.

காற்று இன்னும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இவர் அதன் நடுவில் பேசியிருக்கிறார். சட்டம் போட்டவரே.

அன்றிலிருந்து அவள் இவரால் கேட்க முடியாதவர்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கம்பளிக்குப் பின்னால் படுக்க வைத்திருக்கிறாள். நடையை வைத்துக் கண்டுபிடிக்கக்கூடியவர்களை மட்டும் வெளியே விட்டு, இவரை ஜெயிக்க வைத்துக்கொண்டிருக்கிறாள். தனக்கென்று இருந்த ஒரே ஆளையும் சேர்த்து ஒளித்துவிட்டாள். எட்டு மாசமாக அவள் வீட்டில் அவள் மூச்சுக்காரர் மூச்சு விடவில்லை.

குழாய்க்காதர் அலமாரிக்குள் தலையை விட்டபடியே மூக்கை உறிஞ்சினார். கம்பளித் தூசி என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்த ஞாயிறு நாலு மணி. மச்சான் வந்து வழக்கம்போல நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டார்.

"இன்னிக்கு நான் தட்டு போடறேன்" என்றார் குழாய்க்காதர். "அண்ணனும் தங்கச்சியும் சேந்து சுவரைப் பாருங்க."

மச்சான் எழுந்தே விட்டார். "அதெப்படி? பத்தொம்பது வருஷத்துல இல்லாத பழக்கம்! சட்டத்துல இடமில்ல."

"சட்டம் யாரு போட்டது?"

"நீங்க போட்டீங்க."

"அப்ப நானே மாத்தறேன். உக்காருங்க மச்சான். ஜெயிச்சா இந்த வாரம் உங்களுக்குப் பாத்திரம் கிடையாது."

"தங்கச்சி, இதுல என்னமோ இருக்கு. நான் சொன்னேன்ல?"

எக்ஸ்ரே அம்மா கணவரின் கையிலிருந்த தலையணை உறையைப் பார்த்தார். மஞ்சளில் சின்னச் சின்னப் பூ. முகத்தில் ஏதோ வந்தது, போனது. அண்ணன் பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

ஊசி இறங்கியது.

இரண்டு சுரம் வருவதற்குள் மச்சான் துள்ளித் திரும்பி வாயைத் திறந்தார். விரல் மேலே நின்றது. வாயை மூடிக்கொண்டார். பதிலை அடக்கியதில் காது மடல்கூடச் சிவந்துபோயிற்று.

பாட்டு நடந்தது. குழாய்க்காதருக்கு ஆழம் கேட்டது. உள்ளே ஒரு பெரிய மனிதர் இருட்டு அறையில் எதன்மீதும் இடித்துக்கொள்ளாமல் நிதானமாக நடப்பது கேட்டது. ஆனால் அவர் அதைக் கவனிக்கவில்லை. மனைவியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் நிறச் சட்டைத் துணிக்குள் அந்தத் தோள்கள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அவை கொஞ்சம் உயர்ந்தன. வரி முடிந்து எங்கேயோ கரையும்போது மெல்ல இறங்கின. இழுங்க. பிடிங்க. விடுங்க. நாற்பத்தொரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டும், இருவரும் ஒரே பக்கம் பார்த்துக் கேட்டதால், இவள் இப்படிக் கேட்பாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

கடைசிச் சுரம் வந்தது. தேய்ந்தது. அவருக்கு அது அங்கேயே முடிந்துவிட்டது. கம்பியை ஊன்றினால் ஒன்றுமே கேட்காத தெரு போல அறை காலியாகிவிட்டது. ஆனால் எக்ஸ்ரே அம்மாவின் தோள்கள் உயர்ந்தபடியே இருந்தன.

விரலை இறக்கவில்லை.

மச்சான்கூடத் தலையைச் சாய்த்து அசையாமல் இருந்தார். இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு கால் ஆயிற்று. இன்னொரு கால். கதவைச் சாத்தப் போகிறார். குழாய்க்காதர் தோள்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த ஒரு மூச்சு ஆறு மாசம் நீண்டது என்றால் நம்பமாட்டீர்கள். அவரைக் கேட்டால் ஒரு வருஷம் என்பார்.

தோள்கள் இறங்கின. மெதுவாக, மெதுவாக, முழுசாக.

விரல் இறங்கியது.

"மூச்சுக்காரர்!" என்று வெடித்தார் மச்சான். "ரெண்டாவது சுரத்துலயே தெரிஞ்சுபோச்சு! எட்டு மாசமா எங்கய்யா போயிருந்தார்? அடடா, கடைசில அந்தக் காத்து... மாப்ளே, விரலை நூலிழை பிசகாம இறக்கினீங்க. அதை மட்டும் ஒத்துக்கணும். உங்க காது காதுதான்."

"எனக்குக் காத்து கேக்கல மச்சான்."

"என்னது?"

"கேக்கல. உங்க தங்கச்சி முதுகைப் பாத்து இறக்கினேன்."

தட்டின் உறைக்குள் செருகி வைத்திருந்த காது சோதனைத் தாளை எடுத்து மனைவியிடம் நீட்டினார். அவர் அதைத் தலைகீழாக வாங்கி, திருப்பாமலேயே ஒரு பார்வையில் படித்துவிட்டார்.

"இது நான் நெனைச்சதைவிடப் பரவாயில்ல" என்றார்.

மச்சான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தமுக்கடிக்கப் போகிறார் என்று குழாய்க்காதர் தயாராக நின்றார். ஆனால் மச்சானின் முகம் வேறு திசையில் போயிற்று.

"அப்போ... எட்டு மாசமா நான் காது கேக்காத ஆளுகிட்டயா தோத்துக்கிட்டு இருக்கேன்?"

"ஆமா மச்சான்."

"முப்பத்தஞ்சு ஞாயித்துக்கிழமை பாத்திரம் கழுவியிருக்கேனே!"

"நல்லாவே கழுவினீங்க அண்ணே" என்றார் எக்ஸ்ரே அம்மா.

"இது வெளிய தெரிஞ்சா என் மானம் என்னாகும்? டிக்கெட் இல்லாம முப்பத்தஞ்சு தடவை கண்ணு முன்னாடியே போய்ட்டு வந்திருக்காரு ஒருத்தரு! மாப்ளே, கையெடுத்துக் கும்பிடறேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." சொல்லிக்கொண்டே எழுந்தார். ஜெயித்தவர் கழுவ வேண்டியதில்லை என்பதுகூட மறந்து, கோப்பைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். மறந்தாரா, வேண்டுமென்றே போனாரா என்பதை இன்றுவரை அவர் சொல்லவில்லை.

கணவனும் மனைவியும் தனியாக நின்றார்கள். தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"உன் ஆளை ஏன்மா ஒளிச்சு வெச்சே? நான் இல்லாதப்பவாவது போட்டுக் கேட்டிருக்கலாமே."

"ஒரு தடவை போட்டேன். நீங்க கடைக்குப் போயிருந்தப்ப." எக்ஸ்ரே அம்மா தாளை மடித்து மடித்து ஒரு தபால்தலை அளவுக்குச் சின்னதாக்கினார். "பாதியிலயே எடுத்துட்டேன். விரல் தூக்க ஆள் இல்லாம, அது முடிஞ்சுதா இல்லையான்னே தெரியலங்க."

குழாய்க்காதர் சுற்றிக்கொண்டிருந்த தட்டை நிறுத்தினார். "செவ்வாய்க்கிழமை அந்தக் காது மெஷின் வெக்கிற பொண்ணுகிட்டப் போறேன். நீயும் வா. முழுசா வராதாம். ஆனா நிறைய வருமாம்."

"வந்த வரைக்கும் போதும். பாக்கிக்கு என் முதுகு இருக்கே."

அடுப்படியிலிருந்து மச்சானின் குரல் முழங்கியது. "மாப்ளே! ஊரெல்லாம் ஒழுக்கு கண்டுபிடிச்சீங்களே, உங்க வீட்டுக் குழாயே வாராவாரம் உஸ்ஸுன்னு ஒழுகுதே, அதுவுமா கேக்கல!"

"அது எட்டு மாசமா ஒழுகுது அண்ணே" என்றார் எக்ஸ்ரே அம்மா, கணவரின் முகத்தைப் பார்த்தபடி. "நான்தான் சொல்லல."

குழாய்க்காதர் இடிவிழுந்தவர் போல நின்றார். பிறகு சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து, அடக்க முடியாமல், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து எக்ஸ்ரே அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அடுப்படியிலிருந்து, "எதுக்கு? எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்று விசாரணை வந்தது.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் எக்ஸ்ரே அம்மா. "இந்தத் தடவை விரலை நான் தூக்கறேன். அண்ணே, குழாயை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, சத்தம் வரக்கூடாது!"

குழாய்க்காதர் ஊசியை இறக்கினார். நாற்காலிகளை இந்த முறை சுவர்ப்பக்கம் போடவில்லை, எதிரெதிராகப் போட்டுக்கொண்டார்கள். மூச்சுக்காரர் நடந்தார், கரைந்தார். குழாய்க்காதருக்கு முடிந்தபிறகும் அவள் விரல் மேலேயே நின்றது. அந்த விரலைப் பார்த்துக்கொண்டே அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

விரல் இறங்கியது.

"ம்" என்றார் எக்ஸ்ரே அம்மா. "விடுங்க."